முள்ளெலி: பெயர் ஒன்று, பொருள் பல

ஒரு பொருளின் பெயரைத் தெரிந்துகொண்டவுடன் அப்பொருளையே அறிந்துவிட்டதாக எண்ணுவது மனித இயல்பு. ஆயின், பெயர் என்பது அறிவின் வாயிற்படி மட்டுமே. உள்ளே சென்று காண வேண்டியவை பல உள. இவ்வுண்மையை விளக்குதற்கு மிகவும் ஏற்றது முள்ளெலி என்னும் சிறிய விலங்கு.

நம் பிள்ளைகள் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளையும் ஒருசேரப் பயில்கின்றனர். நூலில் முள் போர்த்த விலங்கொன்றின் படத்தைக் கண்டு, "அப்பா, இது முள்ளம்பன்றியா?" என்று வினவும் பிள்ளைக்கு விடை கூற வேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே. அதற்கு உதவும் பொருட்டே இப்பாடம் அமைகின்றது.

எலியும் அன்று, பன்றியும் அன்று

தமிழில் இவ்விலங்கை முள்ளெலி என்கிறோம். ஆங்கிலேயர் இதனை 'ஹெட்ஜ்ஹாக்' என்பர். 'வேலிப்பன்றி' என்பது அச்சொல்லின் பொருள். வேலியோரப் புதர்களில் வாழ்வதாலும், மூக்கு பன்றியின் மூக்கைப் போன்றிருப்பதாலும் அப்பெயர் வந்தது. நம் முன்னோர் அதன் உருவச் சிறுமையைக் கண்டு எலி என்றனர். ஆங்கிலேயர் மூக்கைக் கண்டு பன்றி என்றனர். உண்மையில் அஃது எலியும் அன்று, பன்றியும் அன்று. புழு பூச்சிகளைத் தின்று வாழும் வேறோர் இனம் அது. நம் வீடுகளில் இரவில் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறே அதற்கு நெருங்கிய உறவு. மூஞ்சூறும் எலியினம் அன்று என்பதை ஈண்டு நினைவில் கொள்க.

ஐரோப்பிய முள்ளெலியின் முதுகில் 5,000க்கும் மேற்பட்ட முட்கள் உள்ளன. பகை நெருங்கினால், அது தலையையும் கால்களையும் உள்ளிழுத்து முட்பந்துபோல் சுருண்டுகொள்ளும். தமிழ்நாட்டின் வறண்ட புதர்நிலங்களில் வாழும் முள்ளெலி அதனினும் சிறியது. நம் பாட்டன் பாட்டியர் தம் ஊர்களில் கண்ட முள்ளெலி இதுவே.

முள்ளம்பன்றியோ முற்றிலும் வேறானது. அது கொறித்துண்ணும் விலங்கு. அணிலும் எலியும் சேர்ந்த பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. எலியெனப் பெயர் பெற்ற முள்ளெலி எலியினம் அன்று. பன்றியெனப் பெயர் பெற்ற முள்ளம்பன்றிக்கோ எலியே உறவு! மலாய் மொழியில் 'லண்டாக்' எனப்படுவது இந்த முள்ளம்பன்றியே. நம் நாட்டுக் காடுகளில் வாழும் முள்ளம்பன்றி 8 கிலோ எடை வரை வளரும். கிழங்கு, வேர், மரப்பட்டை ஆகியவற்றை உண்ணும். இளஞ்செம்பனைக் கன்றுகளின் குருத்தைக் கடித்து அழிப்பதால் தோட்டத்தார் அதனை நன்கு அறிவர்.

நம் காட்டில் ஓர் உறவினன்

முள் போர்த்த முள்ளெலி மலேசியக் காடுகளில் இல்லை. ஆயினும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கொன்று இங்கே உண்டு. மலாயர் அதனைத் 'திக்குஸ் அம்பாங் பூலான்' என்பர். தமிழில் நிலவெலி எனக் கூறலாம். தீபகற்பத்தில் அதன் உடல் கருமையாகவும் தலை வெண்மையாகவும் இருக்கும். முட்கள் இல்லை, சொரசொரப்பான மயிரே உண்டு. இரவில் நீரோடைகளின் ஓரமாகத் திரிந்து புழு, பூச்சி, நண்டு முதலியவற்றைத் தின்னும். அழுகிய வெங்காயம் போன்ற அதன் நெடி நெடுந்தொலைவு வீசும். முள்ளே இல்லாத இந்த விலங்கு முள்ளெலிக்கு உறவு. முள் நிறைந்த முள்ளம்பன்றியோ உறவன்று. தோற்றத்தை மட்டும் கண்டு முடிவு செய்தலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கடல் முதல் போர்க்களம் வரை

முள்ளெலியின் பெயர் அவ்விலங்கோடு நின்றுவிடவில்லை. பண்டைக் கிரேக்கர் முள்ளெலியை 'எக்கினோஸ்' என்றனர். கடலடியில் வாழும் முள்ளுருண்டை உயிரையும் அதே பெயரால் அழைத்தனர். நாமும் அதனைக் கடல் முள்ளெலி என்கிறோம். மலாயரோ, தம் நாட்டில் கண்ட விலங்கை ஒப்பிட்டு 'லண்டாக் லாவுட்', அதாவது கடல் முள்ளம்பன்றி, என்றனர். ஆங்கிலத்தில் முன்னாளில் 'அர்ச்சின்' என்பது முள்ளெலியின் பெயராக வழங்கியது. இன்று அச்சொல் கடல் முள்ளெலியையும், தெருவில் திரியும் குறும்புச் சிறுவனையும் குறிக்கின்றது.

போர்க்களத்திலும் இப்பெயர் புகுந்தது. 1942ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தாக்க 24 குண்டுகளை ஒருங்கே வீசும் கருவியொன்றைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதன் தண்டுகள் வரிசையாக நிமிர்ந்து நின்றமையால் அதற்கு முள்ளெலி என்றே பெயரிட்டனர். மூன்று இரும்புச் சட்டங்களைக் குறுக்காகப் பிணைத்துக் கவச வண்டிகளைத் தடுக்கும் அமைப்புக்குச் 'செக் முள்ளெலி' என்று பெயர். 2022ஆம் ஆண்டில் உக்ரேன் நாட்டுக் கீவ் நகரின் சாலைகளில் இத்தடைகள் வைக்கப்பட்டதை உலகம் கண்டது.

விளையாட்டாக வைத்த பெயர்

அறிவியலாரும் இப்பெயரை விடவில்லை. 1980ஆம் ஆண்டில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் ஆகிய இருவரும் பழ ஈயின் மரபணுக்களை ஆராய்ந்தனர். ஒரு மரபணு பழுதுற்றபோது ஈயின் புழு சிறுமுட்கள் நிறைந்து காணப்பட்டது. ஆதலால் அம்மரபணுவுக்கு முள்ளெலி என்று பெயரிட்டனர். 1995ஆம் ஆண்டில் அவர்கள் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

முதுகெலும்புள்ள உயிர்களிடத்தும் இதனையொத்த மரபணு இருப்பது 1993ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதற்கு, கணினி விளையாட்டில் வரும் 'சோனிக்' என்னும் முள்ளெலியின் பெயரைச் சூட்டினர். மனிதக் கரு வளருங்கால் மூளையும் விரல்களும் செம்மையாக அமைய இம்மரபணு இன்றியமையாதது. இது பழுதுற்றால் குழந்தையின் மூளையும் முகமும் பெருங்குறையோடு அமையக்கூடும். துயருற்ற தாய் தந்தையரிடம் விளையாட்டுப் பொம்மையின் பெயரைக் கூறி நோயை விளக்குவது எங்ஙனம் என்று மருத்துவர் சிலர் வருந்தினர். பெயர் வைப்பவன் பொறுப்போடு வைத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நாம் கொள்ள வேண்டியவை

பெயரும் நம்பிக்கையும் நம்மை வழிதவறச் செய்யும் இடங்கள் நம் வாழ்விலும் உண்டு. அவற்றுள் மூன்றினை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, முள்ளம்பன்றி முள்ளை எய்யும் என்பது. பழந்தமிழில் அதற்கு 'எய்' என்றும் ஒரு பெயர் உண்டு. அம்பு எய்வதைக் குறிக்கும் சொல்லும் அதுவே. ஆயினும் முள்ளம்பன்றி முள்ளை எய்வதில்லை. அது முதுகைக் காட்டிப் பின்னோக்கிப் பாயும். முள் பகையின் உடலில் தைத்துக் கழன்றுகொள்ளும். ஆதலின் அதனை நெருங்காமலும் துரத்தாமலும் இருந்தாலே போதும்.

இரண்டாவது, 'கெலிகா லண்டாக்' எனப்படும் முள்ளம்பன்றியின் வயிற்றுக்கல். இது புற்றுநோயைத் தீர்க்கும் எனக் கூறிப் பெரும் விலைக்கு விற்பர். அதற்கு மருத்துவச் சான்று இல்லை. உழைத்துச் சேர்த்த பணத்தையும், சிகிச்சைக்குரிய காலத்தையும் அதனால் இழத்தலாகாது. மேலும், 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உரிமமின்றி முள்ளம்பன்றியை வேட்டையாடுவது குற்றமாகும். அது பயிரை அழித்தால் நிர்வாகத்திற்கோ வனவிலங்குத் துறைக்கோ தெரிவிப்பதே முறை.

மூன்றாவது, கக்குவான் இருமலுக்கு முள்ளெலியின் முள்ளை மருந்தாகக் கொள்ளும் வழக்கம். தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் இவ்வழக்கம் உண்டு. முள் நோயைத் தடுக்காது, தடுப்பூசியே தடுக்கும். நம் நாட்டில் குழந்தைக்கு 2, 3, 5 ஆகிய மாதங்களிலும் 18ஆம் மாதத்திலும் அத்தடுப்பூசி போடப்படுகிறது. அரசாங்கச் சுகாதார நிலையங்களில் நம் நாட்டுக் குடிமக்களின் குழந்தைகளுக்கு இது இலவசம். குழந்தையின் சுகாதார அட்டையை இன்றே எடுத்துப் பார்த்து, விடுபட்ட ஊசி உண்டாயின் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டுப் பயிற்சி

மாலையில் ஓய்வாக இருக்கும்போது பிள்ளைகளோடு அமர்ந்து கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை காண்க.

1. முள்ளெலி, முள்ளம்பன்றி, நிலவெலி, மூஞ்சூறு: இந்நான்கனுள் உறவுடையவை எவை? தனித்து நிற்பது எது?

2. வெளவால், திமிங்கிலம், கடற்குதிரை: இவை பறவையா, மீனா, குதிரையா? காரணம் கூறுக.

3. நம் தோட்டத்தில் காணும் செடி கொடிகளுள் ஐந்தினைத் தேர்ந்து, மூன்று மொழிகளிலும் பெயர் எழுதுக. அப்பெயர் உருவத்தால் வந்ததா, பயனால் வந்ததா என ஆராய்க.

பெயரைக் கேட்டவுடன், "ஏன் இப்பெயர்?" என்று வினவும் பிள்ளையை அதட்டாதீர்கள். விடை தெரிந்தால் கூறுங்கள். தெரியாவிடின் பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். அவ்வாறு வினவிப் பழகிய பிள்ளை நாளை போலி மருந்தாலும் பொய் விளம்பரத்தாலும் எளிதில் ஏமாறமாட்டான்.