உறக்கத்தில் அலறும் குழந்தை

இரவு 9 மணிக்கு உறங்கிய 4 வயதுக் குழந்தை 10.30 மணிக்குத் திடீரென எழுந்தமர்ந்து அலறுகிறது. கண்கள் திறந்திருக்கின்றன, உடல் வியர்க்கிறது. வாரி அணைக்கும் தாயையே அடையாளம் அறியாமல் உதறுகிறது. பெற்ற மனம் கலங்குகிறது.

இது பேயுமன்று, தீய கனவுமன்று. தீய கனவு பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில் வரும். குழந்தை விழித்தெழுந்து அதைக் கூறும். இந்த அலறலோ உறங்கிய 1 முதல் 3 மணி நேரத்திற்குள், ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளை பாதி மட்டுமே விழிக்கும்போது நேர்கிறது. காலையில் குழந்தைக்குப் பெரும்பாலும் எதுவும் நினைவிராது. அச்சத்தை நினைவில் சுமப்பவர்கள் பெற்றோரே.

ஆகவே முதலில் அமைதியடைய வேண்டியவர்கள் அவர்களே. குழந்தையை உலுக்கி எழுப்பலாகாது; அது கலக்கத்தை நீட்டிக்கும். கீழே விழாமல் காத்து, தாழ்ந்த குரலில் பேசி அருகிலிருந்தால் போதும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கும். மறுநாள் அதைக் குறித்துத் துருவிக் கேட்பது, இல்லாத அச்சத்தைக் குழந்தையின் மனத்தில் விதைக்கக்கூடும்.

உறக்கக் குறைவும் காய்ச்சலும் இதைத் தூண்டும். 3 முதல் 5 வயது வரை, பகலுறக்கம் உட்பட நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை. குறட்டையோ வலிப்புப் போன்ற அசைவோ காணப்பட்டால் மருத்துவரை நாட வேண்டும். மற்றபடி, வளர வளரப் பெரும்பாலான குழந்தைகள் இதிலிருந்து தாமாகவே விடுபடுகின்றனர்.