கணனித் திரையை அலங்கரிக்கும் முன்

வீட்டுச் சுவருக்கு நிறம் பூச வந்தவரிடம் பெட்டகத்தின் திறப்பையும் கொடுத்துவிட்டு நாம் கோயிலுக்குப் போவதில்லை. கணனித் திரையை அழகுபடுத்தும்போது மாத்திரம் நம்மிற் பலர் இதை மறந்துவிடுகின்றோம்.

பெற்றோரே, உங்கள் வீட்டுக் கணனிக்குள் என்ன இருக்கின்றது என்று சற்று எண்ணிப் பாருங்கள். உயர்தரம் படிக்கும் மகளின் பாடக் குறிப்புகள் இருக்கும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்துக்கோ, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியா வளாகத்துக்கோ செல்லும் மகனின் ஒப்படைகள் இருக்கும். அவற்றைவிட மேலாகப் படங்கள் இருக்கும். 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல கல்யாண அல்பத்தையும் பிள்ளைகளின் முதல் நன்மைப் படங்களையும் வழியிலே இழந்தன. பின்னர் கனடாவிலும் சுவிசிலும் உள்ள உறவினர் தம்மிடமிருந்த பிரதிகளை அனுப்பியதாலேயே பல வீடுகளில் பழைய முகங்கள் மீண்டும் கிடைத்தன. அந்தப் படங்கள் இருக்கும் பெட்டியிலேதான் பிள்ளைகள் "வடிவான திரை" ஒன்றைத் தேடி இறக்குகின்றார்கள்.

திரையை அழகாக்குவது குற்றமன்று. தினமும் பார்க்கும் பொருள் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும். ஆனால் நாம் உள்ளே கொண்டுவருவது படமா, அல்லது செயலியா என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். படம் பார்ப்பதற்கு உரியது. செயலியோ கட்டளை இடுவது. நாம் திறந்துவிட்டால் நம் கோப்புகளை வாசிக்கவும் அனுப்பவும் அழிக்கவும் அதனால் இயலும்.

2024 மார்ச் மாதத்தில் நடந்த ஒன்றைப் பாருங்கள். லினக்ஸ் கணனிகளிலே கேடிஈ என்னும் திரையமைப்பு உண்டு. அதன் சொந்தத் தளத்திலேயே இலவசமாக வைக்கப்பட்டிருந்த அலங்காரத் தொகுதி ஒன்றை ஒருவர் நிறுவினார். நிறம் மாறும் என்று எதிர்பார்த்தவரின் கோப்புகள் எல்லாம் அழிந்துபோயின. அதை ஆக்கியவர் வஞ்சனை செய்யவில்லை. உள்ளேயிருந்த கட்டளை ஒன்று பிழைத்துவிட்டது, அவ்வளவே. இத்தகைய தொகுதிகளை நிறுவும்போது கவனமாயிருங்கள் என்று கேடிஈ குழுவினரே பின்னர் எச்சரித்தனர்.

விண்டோஸ் பாவிப்போரும் மெத்தனமாக இருத்தல் ஆகாது. விண்டோஸ் 11 இன் "தீம்" கோப்பு ஒன்றைத் திறந்தாலே பிறருடைய செயலி நம் கணனியில் ஓடக்கூடிய ஓட்டை இருந்தது தெரியவந்து, 2023 செப்டெம்பரில் மைக்ரோசொப்ட் அதை அடைத்தது. ஓட்டையை அடைப்பது இற்றைப்படுத்தல் மூலமே. பாவித்த மடிக்கணனி வாங்கியோர் கவனிக்க: விண்டோஸ் 10 க்கான வழமையான இலவச இற்றைப்படுத்தல் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது.

இது புதிய தந்திரமும் அன்று. 1990களின் இறுதியிலே "கொமெற் கேர்சர்" என்று ஒன்று வந்தது. சுட்டியின் அம்புக்குறியை விதவிதமான உருவங்களாக மாற்றும். பாவனையாளர் எந்தெந்தத் தளங்களுக்குப் போகின்றார் என்பதையும் ஓசைப்படாமல் குறித்துக்கொள்ளும்.

சரி, படமானால் ஆபத்தே இல்லையா? 2020 இல் அமெரிக்காவின் செயின்ற் மேரி ஏரியைக் காட்டும் ஓர் அழகிய படத்தைத் திரைப்படமாக வைத்த அன்ட்ரொயிட் தொலைபேசிகள் சில, நின்று நின்று மீண்டும் தொடங்கியபடியே இருந்தன. படத்தில் இருந்த நிறக் குறிப்பை அத்தொலைபேசிகளால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இது அபூர்வம், அதற்காகப் படங்களுக்கே பயப்பட வேண்டியதில்லை.

நாம் பயப்பட வேண்டியது படத்தின் வேடத்தில் வரும் செயலிக்கு. கோப்பின் பெயர் எதில் முடிகின்றது என்று பாருங்கள். ஜேபெக், பிஎன்ஜி என்பன படங்கள். ஈஎக்ஸ்ஈ, எம்எஸ்ஐ என்பன செயலிகள். எஸ்சிஆர் என்று முடியும் "ஸ்கிரீன் சேவர்" கோப்பும் செயலியே! பழைய பெட்டித் திரைகளில் ஒரே காட்சி படிந்து தழும்பாவதைத் தடுக்க உண்டானவை இவை. இன்றைய தட்டைத் திரைகளுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. கெட்டித்தனம் என்னவென்றால், விண்டோஸ் இப்பெயர் முடிவை மறைத்தே வைத்திருக்கும். ஆகவே "படம்.ஜேபெக்.எஸ்சிஆர்" என்பது உங்கள் கண்ணுக்குப் "படம்.ஜேபெக்" என்றே தோன்றும். கோப்புறையைத் திறந்து, மேலேயுள்ள "வியூ" என்பதில், "பைல் நேம் எக்ஸ்டென்சன்ஸ்" என்பதைத் தெரிவுசெய்துவிட்டால் உண்மைப் பெயர் தெரியும். இன்றைக்கே செய்துவிடுங்கள்.

வெளியிலிருந்து எதையும் இறக்காமலே எவ்வளவோ செய்யலாம். திரையின் வெற்றிடத்தில் வலது பொத்தானை அழுத்திப் "பேர்சனலைஸ்" என்பதற்குச் சென்றால் பின்னணிப் படம், நிறம், பூட்டுத்திரை யாவும் அங்கே உண்டு. படத்துக்கு ஏன் அந்நியரிடம் போகவேண்டும்? மாலை வெயிலில் இரணைமடுக் குளமும் விடியலில் முல்லைத்தீவுக் கடற்கரையும் நமக்கு இருக்கின்றன. நீங்களே எடுத்த படத்தை வையுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி மங்கலாகும். "டொக்கியுமென்ற்" ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

விண்டோஸின் உட்கோப்புகளையே மாற்றித் தோற்றத்தைப் புதிதாக்கும் செயலிகளும் உள்ளன. அவற்றைத் தொடாதிருப்பதே நலம். அடுத்த இற்றைப்படுத்தல் வரும்போது கணனி தொடங்காமலே போகலாம்.

பிள்ளைகள் மூவர் ஒரு கணனியைப் பாவித்தால் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குத் திறந்து கொடுங்கள். அவரவர் படம் அவரவர் திரையில் இருக்கும், சண்டையும் குறையும். நிர்வாகி கணக்கின் கடவுச்சொல் மாத்திரம் பெற்றோரிடம் இருக்கட்டும். பெரும்பாலான செயலிகளை நிறுவுமுன் கணனி அதைக் கேட்கும். எல்லாவற்றையும் அது தடுத்துவிடாது, ஆயினும் கேட்கும்போது "இது என்ன?" என்று வினவ உங்களுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும்.

எந்த மாற்றத்துக்கும் முன் குடும்பப் படங்களை வெளிவட்டு ஒன்றிற் பிரதியெடுத்து, கழற்றி, அலுமாரியில் வையுங்கள். "ரெஸ்ரோர் பொயின்ற்" வைத்திருக்கின்றோமே என்று இருந்துவிடாதீர்கள். அது விண்டோஸின் அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்புமேயன்றி, அழிந்த படங்களை மீட்டுத் தராது.

வீட்டிலே அம்மம்மா, அப்பப்பா கணனியில் பிள்ளைகளுடன் பேசுகின்றார்களா? அவர்களுக்கு வேண்டிய அலங்காரம் வேறு. திரையின் வெற்றிடத்தில் கன்ரோல் விசையை அழுத்தியபடி சுட்டியின் சக்கரத்தை மேலே உருட்டுங்கள், சின்னங்கள் பெரிதாகும். "செற்றிங்ஸ்" உள்ளே எழுத்தையும் பெரிதாக்கலாம். படம் நிறைந்த பின்னணியை எடுத்துவிட்டு ஒரே கரு நிறத்தை வைத்தால், எதை அழுத்துவதென்று அவர்களே கண்டுகொள்வார்கள்.