மரங்கள் நிறைந்தால் காடாகுமா?

செம்பனைத் தோட்டம் பசுமையாகத் தோன்றினாலும் மழைக்காடு ஆகாது. மரங்கள் மட்டுமே காடு அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டின் நீலகிரி மலையும் சான்றாகும்.

நீலகிரியின் உயரமான பகுதிகளில் பள்ளத்தாக்குகளில் சோலைக்காடுகளும் சரிவுகளில் புல்வெளிகளும் இயற்கையாகவே அமைந்துள்ளன. புல்வெளி மழைநீரை உறிஞ்சி, ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்குகிறது. வரையாட்டுக்கு உணவும் தருகிறது. ஆங்கிலேயர் இதனை வெற்று நிலமாகக் கருதினர். விறகு, பலகை போன்ற தேவைகளுக்காகத் தைலமரம், சீகை, பைன் ஆகிய அயல்நாட்டு மரங்கள் அங்கு நடப்பட்டன. இந்திய விடுதலைக்குப் பின்னரும் இப்பணி தொடர்ந்தது.

பைன் ஓர் ஊசியிலை மரம். அதன் உதிர்ந்த இலைகள் எளிதில் மட்குவதில்லை; தரையில் தடிமனாகப் படிகின்றன. மரநிழலும் சேர்வதால் அங்குப் புல் முளைப்பது அரிதாகிறது. பிசின் கலந்த காய்ந்த இலைகளில் தீயும் விரைந்து பரவும். புல்வெளி குறைந்ததால் வரையாட்டின் வாழிடம் சுருங்கியது.

இன்று தமிழ்நாடு வனத்துறை அயல்நாட்டு மரங்களை அகற்றிப் புல்வெளிகளை மீட்க முயல்கிறது. ஆயினும், அழிந்த புல்வெளி மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். எனவே, மரக்கன்றை நடுவதற்கு முன் அந்நிலத்தின் இயல்பை அறிதல் அவசியமாகும்.