தக்காளி நாற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது எப்படி?



வீட்டுக் கொல்லையில் நாலு தக்காளிச் செடி இருந்தால் ரசத்துக்கும் குழம்புக்கும் சந்தையை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். இது காசு விஷயம் மட்டுமல்ல. நம் தாய்மார்கள் பலருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது. தக்காளியில் உள்ள வைட்டமின் 'சி' கூட இருந்தால் நன்றாகச் சேரும்.

"விதை முளைச்சுது, மாத்தி வெச்சதும் வாடிப் போச்சு" என்று பலர் சொல்வதுண்டு. மாற்றும் முறை தெரிந்தால் வாடாது.

எப்போது மாற்றலாம்?

முதலில் வரும் இரண்டு இலைகள் வித்திலைகள். அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விதைத்து சுமார் 25 நாளில் அதற்கு மேல் நாலைந்து இலை விட்டிருக்கும். அதுவே தக்க பருவம். தள்ளிப்போட்டால் நாற்றுகள் நெருக்கத்தில் வெளிச்சம் தேடி நீண்டு மெலிந்துவிடும்.

தொட்டி

ஒரு செடிக்கு ஓரடி அகலம், ஓரடி ஆழம் வேண்டும். பழைய பானை, தகர டின் எதுவும் ஆகும். பூச்சி மருந்து இருந்த டப்பா மட்டும் கூடவே கூடாது. அடியில் துளை போட்டு, அதன்மேல் ஓட்டுச் சில்லை வையுங்கள். செம்மண், மணல், மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து நிரப்புங்கள்.

மாற்றும் முறை

1. வெயில் தாழ்ந்த பிறகு, சாயங்காலம் செய்யுங்கள்.

2. ஒரு மணி நேரம் முன்பே நாற்றுக்குத் தண்ணீர் விடுங்கள். வேர் அறாமல் மண்ணோடு வரும்.

3. தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். இலை போனால் வேறு இலை வரும். தண்டு நசுங்கினால் செடி பிழைப்பது கடினம். அடிமண்ணோடு தோண்டி எடுங்கள்.

4. வித்திலை வரை மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள். புதைந்த தண்டிலும் புது வேர் விடும். செடி உறுதியாக நிற்கும்.

5. தண்ணீர் விட்டு, மூன்று நாள் நிழலில் வையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். வளர்ந்ததும் குச்சி நட்டுக் கட்டுங்கள்.

கவனிக்க வேண்டியவை

மண் நிரப்பிய தொட்டி கனமானது. மனைவி கர்ப்பமாக இருந்தால் அதைத் தூக்குவது கணவர் வேலை. அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு விடலாம். சோப்புத் தண்ணீர் வேண்டாம். தொட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் கொசு முட்டையிடும். மண் வேலையின்போது செருப்புப் போடுங்கள். கொக்கிப்புழு வெறுங்காலின் வழியே உடம்பில் ஏறி இரத்தத்தை உறிஞ்சும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் பழம் பறிக்கலாம். கீரை கடையும்போது தக்காளியைக் கடைசியில் சேருங்கள். அதிகம் வெந்தால் சத்து குறையும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்காதீர்கள். அவை இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். தக்காளி துணைதான், மாத்திரைக்கு மாற்று அல்ல. கர்ப்பிணிகள் கிராம சுகாதார செவிலியர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும்.