சாமி இடத்தில் விட்டால் போதுமா?



மனநிலை சரியில்லாதவர்களைக் கோயில், தர்கா, சர்ச் என்று கொண்டுபோய் விடுவது நம்ம பக்கத்து வழக்கம். அங்கே சோறு, படுக்க இடம், மனசுக்கு ஆறுதல் கிடைக்கும். ஆனால் வீட்டார் திரும்பிப் போகாவிட்டால், அவர்கள் வீடில்லாதவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்கா பக்கம் தனியார் காப்பகங்கள் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டி வைத்திருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பிற்பாடு அங்கே துவாவோடு மருந்தும் தரும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. 2017 மனநலச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவது குற்றம்.

ஒருவரை எங்கே சேர்த்தாலும் முதலில் கேளுங்கள்:

1. அரசுப் பதிவு இருக்கா?
2. டாக்டர் வர்றாரா?
3. கட்டி வைக்கிறாங்களா?
4. நாம போய்ப் பார்க்கலாமா?

பஸ் ஸ்டாண்டில் ஆதரவில்லாமல் திரியும் மனநோயாளியைக் கண்டால் போலீசில் சொல்லுங்கள். லாக்கப்பில் வைக்கக் கூடாது; 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆலோசனைக்கு 14416, இலவசம்.

சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையும் நிற்கக் கூடாது, நாம போய்ப் பார்ப்பதும் நிற்கக் கூடாது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: நம்ம ஊரிலிருந்து அப்படி விடப்பட்டவர் இப்போ எங்கே?