கபடி ஏன் சார் ஒலிம்பிக்ஸ்ல இல்ல?

தேர்வாய் கண்டிகை சிப்காட் பக்கத்தில் உள்ள எங்கள் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்தக் கேள்வியைக் கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. மறுநாள் உலக வரைபடத்தைத் தொங்கவிட்டு, அதையே பாடமாக்கினோம்.

முதலில் பெயர்கள். நாம் சடுகுடு என்றோம். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் செடுகுடு என்றார்கள். வேலைக்காக இங்கு வந்த வங்காளக் குடும்பத்துப் பையன் ஹாடுடு என்றான். வகுப்பில் அவன் வாய் திறந்து நான் கேட்டது அன்றுதான்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்ஸின்போது அமராவதியிலிருந்து சென்ற குழு கபடி ஆடிக் காட்டியது. பதக்கம் கிடையாது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் ஆண்களுக்கும், 2010 குவாங்சோவில் பெண்களுக்கும் பதக்க ஆட்டமானது. 2018 ஜகார்த்தாவில் இரண்டு தங்கத்தையும் ஈரான் வென்றது என்றதும் வகுப்பே சோர்ந்துவிட்டது. எனக்கு அது நல்ல செய்தி. ஒரே நாடு ஜெயிக்கும் ஆட்டத்தை உலகம் எப்படிச் சேர்த்துக்கொள்ளும்?

ஒப்பிட லக்ராஸை எடுத்துக்கொண்டோம். வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம். 1904, 1908இல் ஒலிம்பிக்ஸில் இருந்தது. 1908 லண்டனில் ஆடியவை இரண்டே அணிகள். பிறகு பதக்கப் பட்டியலில் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் மீண்டும் வருகிறது. போட்டி நடத்தும் நகரமே பரிந்துரைக்க, 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு ஒப்புக்கொண்டது. அங்கே ஆடப்போவது பத்துப் பேர் ஆட்டம் அல்ல. ஆறு பேர், எட்டு நிமிடமாக நான்கு பகுதிகள் என்று சுருக்கிய வடிவம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. லக்ராஸை உருவாக்கிய வட அமெரிக்கப் பழங்குடியினரான ஹோடினஷோனி மக்கள் உலகப் போட்டிகளில் சொந்தக் கொடியுடன் ஆடுகிறார்கள். தேசிய ஒலிம்பிக் குழு இல்லாததால் ஒலிம்பிக்ஸில் அவர்களுக்குத் தனி அணி கிடையாது. “கண்டுபிடிச்சவங்களே வெளியிலயா?” என்று கேட்டாள் அதே மாணவி. மீதிப் பாடவேளை முழுக்க அந்த விவாதம்தான், நான் குறுக்கிடவில்லை.

கபடிக்கு வருவோம். ஏழு பேர், 30 நொடிப் பாடல் என்று ஆட்டம் ஏற்கெனவே சுருக்கமானதுதான். குறை வேறிடத்தில்: ஒலிம்பிக் குழு அங்கீகரித்த உலகக் கூட்டமைப்பு கபடிக்கு இன்னும் இல்லை. 2036 ஒலிம்பிக்ஸை நடத்த விரும்புவதாக 2024இல் இந்தியா கடிதம் கொடுத்திருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால், நடத்தும் நாடாக நாமும் கபடியைப் பரிந்துரைக்கலாம்.

அவள் விரல்விட்டு எண்ணினாள்.

“அப்போ எனக்கு 24 சார்.”