பரணில் கிடக்கும் துப்பாக்கி

திருமயம் கோட்டைக்குச் சுற்றுலா சென்று வராத மாணவியர் நம்மில் மிகச் சிலரே. 1687-இல் கிழவன் சேதுபதி கட்டுவித்த அக்கோட்டையின் உச்சியில் பீரங்கியைக் காண்கிறோம். அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கி விடுகிறோம். அது எக்காலத்தது என்று கேட்பதில்லை. பழைய படைக்கலங்களை இனங்காணும் வழியைச் சிறிது கற்போமா?

'பீரங்கி' என்பது 'பறங்கி'யின் உடன்பிறப்பு. கொண்டு வந்தவன் பெயரே கருவிக்கும் ஆயிற்று!

பழைய துப்பாக்கியில் முதலில் நோக்க வேண்டியது குழாயை அன்று. பக்கத்திலுள்ள தீமூட்டும் அமைப்பையே. எரியும் திரியைக் கவ்வப் பாம்புபோல் வளைந்த இரும்பு இருந்தால் அது திரித் துப்பாக்கி. மழை வந்தால் பயன்படாது. அடுத்தது சக்கிமுக்கி வகை. குதிரையின் வாயில் கல் இருக்கும். விசையை இழுத்ததும் கல் எஃகுத் தகட்டில் உரச, பொறி பறந்து கிண்ணியிலுள்ள மருந்து பற்றும். கட்டபொம்மன் காலத்துக் கும்பினிச் சிப்பாய்கள் சுமந்தவை இவையே. குழாய் 39 அங்குலம். அதன் வாய் ஏறத்தாழ முக்கால் அங்குலம். 1840-களில் செப்புக் 'கேப்' வந்தபின் குதிரை சுத்தியல் வடிவம் பெற்றது. ஆயினும் அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. கல் துப்பாக்கிகளைக் கேப் வகையாக மாற்றியதும் உண்டு.

பிறகு பூட்டுத் தகட்டைக் காண்க. நான்காகப் பிரித்த இதய வடிவம் கும்பினியின் பழைய முத்திரை. முடியேந்தி நிற்கும் சிங்கம் இருப்பின் ஏறத்தாழ 1808-க்குப் பிற்பட்டது. இப்பொறிப்புகள் ஆழமற்றவை. உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் துருவோடு வரலாறும் போய்விடும். மெல்லிய துணியும் சிறிது எண்ணெயுமே போதும்.

அதற்கும் முன்பு ஓர் எச்சரிக்கை. மருந்தும் குண்டும் உள்ளே அப்படியே இருக்கலாம். ஈரம் படாத கருமருந்து நூறாண்டு கடந்தும் வெடிக்கும். ஆகவே நாம் குழாய்க்குள் எட்டிப் பார்க்கவோ விசையைத் தொடவோ கூடாது.

மருது சகோதரர் போர் முடிந்ததும், 1801 இறுதியில், கும்பினியார் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தனர். நம் தொண்டைமானோ கும்பினியின் நண்பர். 1799-இல் கட்டபொம்மன் பிடிபட்டதும் இச்சீமையில்தான். எனவே இங்கே கும்பினி முத்திரையுடன் ஒரு துப்பாக்கி கிடைத்தால், அது எவர் தோளில் இருந்தது, எவரைக் குறி பார்த்தது என்ற வினா எழும். விடை நமக்கு உவப்பாக இராமற் போகலாம். அதற்காகக் கேளாதிருக்க முடியுமா?

சேகரிக்க விரும்புவோர் குறிப்பேட்டில் தொடங்குக. நீளம், முத்திரையின் வரைபடம், எவ்வீட்டிலிருந்து வந்தது என்று பாட்டி சொல்வது, யாவும் எழுதுக. பொருளை வைத்துக்கொள்வது பெரியவர் பொறுப்பு. பழுது பார்த்தும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே 1959-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களிக்கிறது. மற்றவற்றுக்கு உரிமம் வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுமுன், பெற்றோர் காவல் நிலையத்தில் தெரிவித்து, 1910-இல் தொடங்கிய திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தாரிடம் கேட்கலாம்.